சூப் சட்டி லொறி

சட்டிக்குள் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய பெண் கொழும்பில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு பழைய லொறியின் முதுகில், ஃபைபரில் செய்த பெரிய மண்சட்டி. விளிம்புக்கு மேலே ஓர் ஆள் நீளத்துக்கு அகப்பை. வாகனத்து வைப்பர் மோட்டர் ஒன்று அதை மெதுவாகச் சுற்றும். நாடக மேடையில் விடுகிற புகையை விட்டால் தூரத்தில் பார்ப்பவர்களுக்குச் சூப் கொதிக்கிற மாதிரியே இருக்கும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுக்குள் திரும்பும்போது மின்கம்பியில் முட்டாமல் இருக்கச் சாரதி இறங்கி வந்து அகப்பையை மடிப்பார். பிறகு அது சிக்கிக்கொள்ளும். கூட்டுகிற தும்புத்தடியால் இரண்டு தட்டு தட்டினால் திரும்பவும் சுற்றும். சின்னப்பிள்ளைகளுக்கு அந்தத் தட்டுத்தான் சூப்பைவிடப் பிடிக்கும்.

புதிதாக வந்த ஒரு சூப் தூளுக்கான விளம்பரம் அது. கம்பனியின் பெயரைச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தச் சட்டியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வேலையை எடுத்துத் தந்தவள் என் சிநேகிதி. கொட்டாஞ்சேனையில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாங்கில் பதினொரு வருடம் இருந்தவர்கள் நாங்கள். அவள் விளம்பர நிறுவனம் ஒன்றில் நல்ல நிலையில் இருந்தாள். எனக்கு அலுவலக வேலை போய் நாலு மாதம். பரிசளிப்பு விழாவில் அறிவிப்புச் செய்த குரல் சும்மா கிடக்கிறதே என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டுபோய்ச் சட்டிக்குள் இருத்தினாள். ஒலிவாங்கியோடு ஒரு தாளும் தந்தாள். தமிழில் நான் வாசிக்க வேண்டியதை அவளே எழுதியிருந்தாள்.

“சுத்த மரக்கறி. வெள்ளிக்கிழமையும் விரத நாளும் அம்மாமார் பயமில்லாமல் சமைக்கலாம்.”

எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் காய்ச்சாத வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். எங்கள் ஆட்களின் மனம் தெரிந்த ஒருத்தி எழுதியது என்று பெருமையாக இருந்தது. சிங்களத்தில் ஓடிய ஒலிப்பதிவில் அந்த வரி இல்லை. ஏன் என்று கேட்டேன். அவர்களுக்கு அது தேவையில்லையே என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

மற்ற நாட்களில் மட்டக்குளி, கல்கிசை என்று சுற்றினாலும் வெள்ளிக்கிழமைகளில் வெள்ளவத்தைதான். கோயிலுக்குப் போய்வருகிற பெண்கள் சட்டிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள், மச்சம் ஒன்றும் இல்லையோ என்று. நான் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, இல்லை, எங்கட வீட்டிலும் இதுதான் என்பேன். பொய்யில்லை. இலவசப் பைக்கற்றுகளை எங்கள் தொடர்மாடியில் ஐந்து வீடுகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவுக்கும் கொடுத்தேன்.

அம்மாவின் வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மூன்று மாதக் குழந்தையாய்க் காய்ச்சலில் கிடந்தபோது வைத்த நேர்த்தி அது. பிள்ளை பிழைத்தால் சாகும்வரை வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டேன் என்று முருகனுக்குச் சொல்லியிருந்தா. கலியாண வீடு, ஆஸ்பத்திரி, பயணம் எதிலும் அதை விட்டதில்லை. ஐந்து வெள்ளிக்கிழமை அம்மா அந்தச் சூப்பைக் குடித்தா.

ஆறாவது வெள்ளி, காலி வீதியில் ஒரு முஸ்லிம் கடைக்கு முன்னால் லொறியை நிறுத்தினோம். கடைக்காரருக்கு ஒரு பைக்கற் நீட்டினேன். மற்றவர்கள் வாங்கிப் பையில் போடுவார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் பார்த்தார், ஹலால் அடையாளம் தேடி. பிறகு சின்ன எழுத்தில் இருந்ததை விரலை வைத்து வாசித்தார்.

“தங்கச்சி, இதுல கோழித்தூள் ஈக்கிதே. ஹலால் மார்க் எங்க?”

நான் வாங்கிப் பார்த்தேன். பச்சை நிறப் பைக்கற். முன்னால் கரட், போஞ்சி, லீக்ஸ். பின்னால் ஆங்கிலத்தில் ஆறாவது சாமான், கோழித்தூள். ஐந்து வாரம் கையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத நான் படத்தைப் பார்த்தேன். கோழி சாப்பிடுகிற மனிதர் எழுத்தைப் பார்த்தார். அவருக்கு முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இறங்கிவிட்டேன். சாரதியைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டுச் சிநேகிதியைக் கூப்பிட்டேன். அரை மணித்தியாலத்தில் காரில் வந்தாள். நடுத்தெருவில் கத்தினேன். அவள் அழத் தொடங்கினாள்.

“சத்தியமா எனக்குத் தெரியாதடி. அவங்கள் என்னையும் ஏமாத்திப்போட்டாங்கள்.”

அவள் அழுதால் எனக்குத் தாங்காது, பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். காருக்குள் இருந்து இரண்டு பேருமாகக் கம்பனியைத் திட்டித் தீர்த்தோம். போகும்போது, அன்ரிக்கு மட்டும் சொல்லாதே, வயதான மனுசியை ஏன் கவலைப்படுத்துகிறாய் என்றாள். அம்மாமேல் எவ்வளவு அன்பு என்று நினைத்தேன்.

ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று பின்னேரமே தொடர்மாடியில் ஐந்து கதவுகளையும் தட்டினேன். மூன்று பேர், பாவம், நீ என்ன செய்வாய் என்றார்கள். ஒருவர் மிச்சப் பைக்கற்றைத் திருப்பித் தந்தார். மாடிக் கடைசி வீட்டுக்காரி முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினா. எங்கள் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். எனக்காக வைத்த நேர்த்தியை என் கையாலேயே உடைத்துவிட்டு எப்படிச் சொல்வது?

அம்மா பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தா. சொன்னேன். கை அப்படியே நின்றது. நான் அழுதேன். தெரியாமல் நடந்ததை முருகன் கணக்கில் எடுக்கமாட்டார் என்று அம்மா என்னைத்தான் தேற்றினா. சிநேகிதிக்காகவும் பேசினேன். அவளுக்கும் தெரியாதாம் அம்மா, பாவம், அவளும் அழுதவள் என்றேன்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

“அவளுக்குத் தெரியும் பிள்ளை.”

எப்படி என்று கேட்டேன்.

“போனதுக்கு முதல் வெள்ளி, நீ லொறியில நிக்கேக்க, உன்ர கம்பனி ரீசேட் தர வந்தவள். மத்தியானம், சாப்பிட்டிட்டுப் போ எண்டனான். முதல் சூப் ஊத்திக் குடுத்தன். வயிறு சரியில்லை அன்ரி எண்டு தள்ளி வைச்சிட்டாள். பிறகு சோறு ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவள்.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

“நீங்கள் குடிக்கேக்க அவள் பக்கத்திலயே இருந்தவள்?”

“ஓம். நல்லாயிருக்கோ அன்ரி எண்டும் கேட்டவள்.”