சனிக்கிழமை ரோனியின் சீட்டில்

“எம்மேல இன்னாடா கோவம்?” என்று ரோனி கேட்டபோது ‘ஒண்ணுமில்ல’ என்று மழுப்பினேன். அது பொறாமை என்று இப்போது சொல்கிறேன்.

என் அப்பா சாம்ராஜ் முன்னாள் ராணுவ வீரர். பணியில் முதுகெலும்பு முறிந்து, நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பில் உள்ள வீட்டில் படுத்தே இருக்கிறார். இரண்டு மணிக்கொருமுறை அவரைப் புரட்டிவிட ஆள் வேண்டும் என்பதால் நான் பன்னிரண்டாவதான பி.யூ.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ரோனியோ தினமும் பெங்களூர் ரயிலேறி நர்சிங் படிக்கப் போகிறான். அவன் பையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவனே வந்தான். “நீ பெங்களூர் போய் சனிக்கிழமை கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேரு. ரயில்ல எங்க செட்டு கர்ச்சீப் போட்டு இடம் புடிச்சிருப்பாங்க, என் சீட்டுல குந்து. அப்பாவ நான் பாத்துக்கறேன்.”

சேர்ந்துவிட்டு மாலையில் திரும்பினேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். “ரோனி புரட்டினா வலியே இல்லடா. நீ அரிசி மூட்டைய உருட்றா மாதிரி உருட்ற!”

என்னிடம் அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாகிறது. ‘இனிமே வராத’ என்று ரோனியிடம் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் என் வகுப்பு போய்விடும்.

“அடுத்த வாரமும் வாடா,” என்றேன். “இப்ப, எப்டி புரட்டுனன்னு காட்டு.”

உங்கள் தெருவிலும் என்னைப்போல் ஒருவன் வீட்டோடு இருக்கலாம். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.