எரிமலைக்கு ஐந்து மதிப்பெண்

அம்மா இறந்த மறுநாள், இந்தோனேசியாவில் ஓட்டல் சமையல்காரனாக இருக்கும் என் தம்பி அங்கே விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்துத் தீவில் எரிமலை குமுறியதால் விமானங்களை நிறுத்திவிட்டார்கள். "இங்க வானம் தெளிவாத்தான் இருக்குக்கா. எடுத்துறாதீங்க, வந்துருவேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

திண்டுக்கல் வீட்டில் அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு, போனில் சாம்பல் மேகத்தின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எரிமலை எங்கிட்டோ கெடக்கு. பிளேன் சுத்தி வரக்கூடாதா? இம்புட்டு படிச்சிருக்க, கேட்டுச் சொல்லு" என்றார், செம்பட்டியிலிருந்து வந்திருந்த பெரியப்பா.

நான் புவியியல் ஆசிரியை. அதற்கான பதிலை வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள். சாம்பல் எஞ்சினுக்குள் போனால் விமானம் விழுந்துவிடும். ஜப்பானின் செயற்கைக்கோள் சாம்பலைப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் உள்ள மையம் எச்சரிக்கை அனுப்பும். எந்த நாட்டு விமானியும் அதை மதிப்பார். இழவு வீட்டில் அதைப் பாடமாக எடுக்காமல் போனை அணைத்தேன்.

"அவன் வர மாட்டான் பெரியப்பா. எடுத்துருவோம்" என்றேன்.

கல்லறையில் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். தம்பிக்காக இன்னொரு பிடி போடச் சொன்னார்கள். போட்டேன். அழுகை வரவில்லை.

அடுத்த வாரம் பள்ளியில் விடைத்தாள் திருத்தினேன். எரிமலைக் கேள்விக்கு ஒரு மாணவி, "நாடுகள் சேர்ந்து முன்கூட்டியே எச்சரிப்பதால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை" என்று முடித்திருந்தாள். நான் எழுதிப்போட்ட வரிதான் அது. ஐந்துக்கு ஐந்து போட்டேன்.