பச்சை அட்டையைப் பார்த்த பிறகு பிள்ளைப்பாக்கத்துக்கு

இந்தப் பதிவில் கோயிலோ அருவியோ மலைப்பாதையோ இல்லை. மதுரையிலிருந்து தாம்பரம், ஒரகடம் வழியாகப் பிள்ளைப்பாக்கம் சென்று, அன்றே திரும்பிய பயணம் இது. ஆவணி மாதக் கடைசி வியாழக்கிழமை சென்றேன். அந்தத் தொழிற்சாலைப் பகுதியில் பிள்ளைகள் வேலை பார்க்கும் தென்மாவட்டப் பெற்றோர் சிலர் அவ்வப்போது வழி கேட்டு எழுதுகிறார்கள். நான் குறித்துவைத்த நேரங்களும் கட்டணங்களும் அவர்களுக்கு உதவும். ஆனால் நான் சென்ற காரணத்தை மறைத்துவிட்டு வழியை மட்டும் எழுதினால் இந்தப் பதிவு பாதிப் பொய்யாகிவிடும். எனவே காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். விடுமுறை நாட்களில் தடகளப் போட்டிகளில் ஸ்டார்ட்டராகவும் இருக்கிறேன்; அதாவது துப்பாக்கியைச் சுட்டு ஓட்டத்தைத் தொடங்கிவைப்பவன். ‘செட்’ என்ற கட்டளைக்கும் வெடிச் சத்தத்துக்கும் இடையில் யாரும் புறப்படாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. புறப்பட்டால் சிவப்பும் கறுப்புமான அட்டையைக் காட்டி வெளியேற்ற வேண்டும். விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம் என்று மற்ற அதிகாரிகள் சொல்வார்கள். அதைக் கேட்டு நான் மறுத்ததில்லை.

சென்ற மாதம் உலக அளவிலான போட்டியொன்றில் பெண்கள் நூறு மீட்டர் தகுதிச் சுற்றைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘செட்’ சொல்லி எட்டுப் பேரும் இடுப்பை உயர்த்தி அசையாமல் நின்ற நேரத்தில், ஆறாவது தடத்திலிருந்த பெண்ணின் தோள் ஒருமுறை முன்னால் சரிந்து மீண்டது. ஸ்டார்ட்டர் எல்லோரையும் எழச் சொன்னார். ஓர் அதிகாரி நடந்து வந்து பச்சை அட்டையைக் காட்டினார். யார் மீதும் தவறில்லை, மறுபடி தொடங்கலாம் என்பது அதன் பொருள். அந்தப் பெண் கைகளை உதறிக்கொண்டு திரும்பக் குனிந்தார், ஓடினார், அந்தச் சுற்றில் முதலாவதாக வந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உலகப் போட்டியிலேயே விதி தெரியாத அதிகாரிகள் இருக்கிறார்கள் என்று எங்கள் அதிகாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் நான்கு வரி எழுதினேன். பத்து நிமிடத்தில் ஓர் இளைய அதிகாரி புத்தகத்தின் பக்கம் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினார். கை தரையிலிருந்தோ, கால் அதை ஊன்றிய கட்டையிலிருந்தோ விலகாத வரை, வெறும் அசைவு தவறான புறப்பாடு ஆகாது. விதி மாறிப் பல வருடங்கள் ஆகின்றன என்று பணிவாக ஒரு வரியும் சேர்த்திருந்தார். நான் மனப்பாடம் செய்திருந்தது அதற்கு முந்தைய பதிப்பு.

உடனே ஒரு பெண்ணின் நினைவு வந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் மாநில இளையோர் தேர்வுப் போட்டி, பெண்கள் நூறு மீட்டர் இறுதிச் சுற்று, நான்காவது தடம். இளையான்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பதினேழு வயதுப் பெண். தகுதிச் சுற்றில் அவருடைய நேரம்தான் சிறந்தது. முதல் இரண்டு பேருக்கு ஆசிய இளையோர் போட்டிக்கான பயிற்சி முகாமில் இடம் உண்டு. ‘செட்’டில் அவர் தோள் அசைந்தது. நான் சிவப்பும் கறுப்புமான அட்டையை உயர்த்தினேன். அவருடைய உடற்கல்வி ஆசிரியர் முறையிட்டார், முறையீடு தள்ளுபடியானது. இவையெல்லாம் முடிந்து அடுத்த ஓட்டத்தை நான் குறித்த நேரத்துக்குத் தொடங்கிவைத்தேன். அன்று அதில்தான் எனக்குத் திருப்தி இருந்தது.

அவரை இங்கே செல்வி என்று குறிப்பிடுகிறேன். அது அவருடைய பெயரன்று. அவர் படித்த பள்ளியில் விசாரித்து அவருடைய தாயாரின் எண்ணைப் பெற்றேன். தடகளப் போட்டி அதிகாரி என்று என்னை அறிமுகம் செய்துகொண்டு, செல்வியிடம் நேரில் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பிள்ளைப்பாக்கத்தில் பெண்கள் விடுதியில் இருப்பதாகவும், அந்த வாரம் காலை ஷிப்ட் என்றும் தாயார் சொன்னார். வேலை விஷயமா என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன். நுட்பமாகப் பேசியதாக அப்போது எண்ணிக்கொண்டேன்.

புதன் இரவு மதுரையில் ரயில் ஏறினேன். படுக்கை வசதிப் பெட்டி, முன்பதிவுடன் முந்நூற்று இருபது ரூபாய். தாம்பரத்தில் காலை ஐந்து ஐம்பதுக்கு இறங்கினேன். மேற்குப் பக்கம் வெளியே வந்தால் படப்பை வழியாக வாலாஜாபாத் செல்லும் பேருந்துகள் கிடைக்கும். ஆறு நாற்பதுக்கு ஏறி, ஏழு முப்பத்தைந்துக்கு ஒரகடம் கூட்டுச் சாலையில் இறங்கினேன். கட்டணம் முப்பது ரூபாய். படப்பை தாண்டியதும் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த நேரத்தில் சாலையைக் கடக்க ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கூட்டுச் சாலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் செல்லும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பிள்ளைப்பாக்கம் திருப்பம் வரை ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர், முப்பது ரூபாய். ஓட்டுநர் உள்ளூர்க்காரர். அவர்களுடைய நிலத்தின் மேல்தான் இப்போது ஒரு கம்பெனியின் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறதாம், கசப்பில்லாமல் சொன்னார். பிறகு என் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

“பொண்ணு இங்க கம்பெனில வேல செய்யுதா சார்? கல்யாணப் பத்திரிகையா?”

இல்லை, ஒரு கடிதம் என்றேன். இந்தக் காலத்தில் கடிதம் கொடுக்க மதுரையிலிருந்து வருகிறீர்களா என்று கேட்டுவிட்டு, திருப்பத்திலிருந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர், நடக்காதீர்கள், நிழலே கிடையாது என்றார். வேறொரு ஆட்டோ அறுபது ரூபாய் கேட்டது. வழியில் ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் மனை பிரித்து நட்ட கற்கள்.

விடுதி நான்கு மாடிக் கட்டடம். வாயிலில் வார்டன் அமர்ந்திருந்தார், நாற்பது வயதிருக்கும். செல்வி இரண்டரைக்குத்தான் வருவார், உள்ளே உட்கார வேண்டுமானால் பெயரெழுதுங்கள் என்று பதிவேட்டைத் தள்ளினார். பெயர், ஊர், ஆதார் எண், உறவு முறை என நான்கு கட்டங்கள். உறவு முறைக் கட்டத்தில் நின்றுவிட்டேன்.

“சித்தப்பான்னு போடு சார். எல்லாரும் அதத்தான் போட்டுகினு போறாங்க” என்றார்.

இல்லாத உறவை எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘போட்டி அதிகாரி’ என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, ரத்த உறவு இல்லாதவர்களை உள்ளே விட்டால் தன் வேலை போய்விடும் என்று பதிவேட்டை மூடினார். அவர் செய்தது சரி. எதிரே கம்பெனிப் பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. பெஞ்சு உண்டு, தேநீர் பதினைந்து ரூபாய். ஒன்பது மணியிலிருந்து இரண்டு முப்பத்தைந்து வரை அங்கேயே அமர்ந்திருந்தேன். என் கடிதத்தை ஆறு முறை படித்தேன். தட்டச்சு செய்து மூன்று பிரதிகள் எடுத்திருந்தேன். திருத்தப்பட்ட விதியை அறியாமல் பழைய விதியின்படி முடிவு எடுத்துவிட்டேன் என்றும், உலகப் போட்டியில் பச்சை அட்டை காட்டிய அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகே இதை அறிந்தேன் என்றும், தவறு முழுவதும் என்னுடையது என்றும் இருந்தது. ஆறு முறையும் அது நேர்மையான கடிதமாகவே எனக்குப் பட்டது.

பேருந்து வந்தது. இறங்கிய நாற்பது பெண்களில் என்னை அவர்தான் அடையாளம் கண்டார். இன்னொரு பெண்ணுடன் நேராக வந்தார். அந்தத் தோழி தூத்துக்குடிப் பக்கம்; எஸ்தர் என்று வைத்துக்கொள்வோம்.

“யாரு பிள்ள இது? பொண்ணு பாக்க வந்தவங்களா?” என்றார் எஸ்தர்.

“சும்மா இருடி. சார் வேல விஷயமா வந்திருக்காக” என்றார் செல்வி. என்னிடம், “அம்மா சொன்னாக சார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவா?” என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.

நான் தாயாரை அழைத்ததிலிருந்து நான்கு நாட்களாகத் தாயும் மகளும் அப்படி நம்பியிருக்கிறார்கள். வேலை இல்லை, மன்னிக்க வேண்டும், இது வேறு விஷயம் என்றேன். “சரி சார், சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார். உறையைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

“இந்த ஓட்டத்த நானும் பாத்தேன் சார். கேன்டீன்ல, இவ போன்ல. அந்தப் பிள்ள தோள ஆட்டுச்சு, பச்சை அட்டை காட்டி விட்டுட்டாக. அவுகளுக்கெல்லாம் தனிச் சட்டம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

ஒரே புத்தகம்தான் என்றேன். அதைச் சொல்லும்போது அவரைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

இதை வைத்து இனி என்ன செய்யலாம் என்று கேட்டார். பழக்க தோஷத்தில் விதியைச் சொன்னேன்: முடிவை அறிவித்த முப்பது நிமிடத்துக்குள் முறையிட வேண்டும், அதன் பிறகு எதையும் மாற்ற இயலாது. எஸ்தர் சிரித்துவிட்டார்.

“அப்ப நாம ஏழு வருசம் லேட்டு பிள்ள. இங்க அஞ்சு நிமிசத்துக்கே அரை நாள் சம்பளத்தப் புடிச்சுருவாங்க.”

செல்வியும் சிரித்தார். பிறகு பெஞ்சில் அமர்ந்து, கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“சார், அன்னைக்கு நீங்க என் கையப் பாத்தீகளா?”

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல நினைத்தேன். புரிந்திருந்தது.

“அசைஞ்சதுக்காகத்தான் வெளிய அனுப்புனேன்னு இதுல எழுதியிருக்கீக. ஆனா அன்னைக்கு ஃபாரத்துல, கை தரையிலருந்து எந்திரிச்சுச்சுன்னு எழுதியிருந்தீக. பி.டி. சார் அதக் காட்டித்தான என்னைய ஏசுனாரு.”

நடந்தது இதுதான். அவருடைய ஆசிரியர் என் முன்னால் நின்று, கை எழவே இல்லையே என்று வாதாடினார். புதிய விதி அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அவரை விதி தெரியாதவர் என்று எண்ணினேன். அடுத்த ஓட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பேச்சை முடித்துவைப்பதற்காகப் படிவத்தில் ‘கை தரையிலிருந்து எழுந்தது’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மாணவியின் பேச்சையும் என் எழுத்தையும் எதிரெதிரே வைத்தபோது ஆசிரியர் என் எழுத்தை நம்பினார். இதை நான் மறக்கவில்லை. மூன்று பிரதி எடுத்த கடிதத்தில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை என்பதுதான் உண்மை. பழைய பதிப்பைப் படித்தது அறியாமை. பார்க்காததை எழுதியது அறியாமையன்று.

“பார்க்கவில்லை. தோளை மட்டும்தான் பார்த்தேன்” என்றேன்.

அவர் மடியிலிருந்த கடிதத்தை விரலால் நீவிவிட்டார். கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“கைய எடுக்கலன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா நீங்க எழுதுனதப் பாத்ததும், எடுத்திருப்பேன் போல, எனக்குத்தான் தெரியலன்னு ஆயிருச்சு.”

அந்த ஆண்டே அவருக்கு விளையாட்டு விடுதியில் இடம் போனது, ஓட்டமும் நின்றது. இப்போது செல்போன் உதிரிப் பாகங்களைப் பார்த்துப் பழுதானதைக் கழிக்கும் வேலை. ஒவ்வொரு பீஸையும் மூன்று முறை பார்ப்பாள், பார்த்ததை அவளே நம்பமாட்டாள், சூப்பர்வைசரிடம் தினமும் பேச்சு வாங்குவாள் என்று எஸ்தர் சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார். செல்வி மறுக்கவில்லை.

கையைப் பார்க்கவில்லை என்பதை எழுதித் தர முடியுமா என்று செல்வி கேட்டார். தட்டச்சு செய்த வரிகளுக்குக் கீழே கையால் எழுதினேன்: ‘அவருடைய கை தரையிலிருந்து எழுந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன்.’ கையொப்பமும் அன்றைய தேதியும் இட்டேன். அவர் அதைப் படமெடுத்துத் தம் ஆசிரியருக்கு அங்கேயே அனுப்பினார். என்னிடம் இன்னொன்று கேட்டார்.

“அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டாக.”

இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, பேரு மட்டும் வேணாம் என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்காகச் சொல்லியிருப்பார், அது அவருக்கு இன்னொரு வேலையாகியிருக்கும். மறுநாளும் காலை ஷிப்ட் என்று இருவரும் உள்ளே சென்றார்கள். மூன்று இருபது ஆகியிருந்தது.

செல்வோருக்கான குறிப்புகளை இங்கேயே தந்துவிடுகிறேன். கோயம்பேடு பக்கமிருந்து வருபவர்கள் தண்டலம் தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி ஒரகடம் ஷேர் ஆட்டோவைப் பிடித்தால் பிள்ளைப்பாக்கம் திருப்பம் அருகில்தான். பிள்ளைக்கு எந்த ஷிப்ட் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், வாரந்தோறும் மாறும். ஆதார் அட்டையின் நகல் கையில் இருக்கட்டும். ஷிப்ட் விட்டு வருபவர்கள் களைத்திருப்பார்கள். அரை மணிக்கு மேல் அவர்களை நிறுத்திவைக்காதீர்கள். நான் நாற்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். மாலை ஐந்து முதல் ஏழு வரை படப்பைச் சாலையில் நெரிசல் கடுமையாக இருக்கும். நான் நான்கு மணிக்கு ஒரகடத்தில் ஏறி ஐந்தரைக்குத் தாம்பரம் சேர்ந்தேன். காலையில் ஐம்பத்தைந்து நிமிடம் எடுத்த அதே தூரம். கையால் எழுதிய வரிகளோடு அந்தக் கடிதத்தின் நகலை மாநிலச் சங்கத்துக்கும் அனுப்பிவிட்டேன். அவர்கள் முடிவெடுக்கும் வரை துப்பாக்கியைக் கையில் எடுப்பதாக இல்லை.

தாம்பரம் நடைமேடையில் ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. ஆறு மணிக்குச் செல்வியின் தாயாரை அழைத்தேன். வேலை கிடைத்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்: உங்கள் மகள் கை எடுக்கவில்லை, எடுத்ததாக நான்தான் பொய்யாக எழுதினேன். அறிவிப்பு ஒலித்துக்கொண்டிருந்ததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறைதான் கடினமாக இருந்தது.

தாயார் சொன்னார்:

“அன்னைக்கு வீட்டுக்கு வந்து எடுக்கலம்மா எடுக்கலம்மான்னு சொன்னா சார். பொய் சொல்றான்னு அடிச்சேன்.”

அவர் என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை. செல்விக்கு வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது, அறையில்தான் இருப்பார் என்றேன். அப்படியென்றால் வையுங்கள், அவளிடம் பேச வேண்டும் என்று சொல்லி, என் பதிலுக்குக் காத்திராமல் இணைப்பைத் துண்டித்தார்.