குணமான முழங்கால்

ரிஃபாத் கீரை வண்டிக்காரி அத்தியாத்திடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு கட்டைத் தூக்கிப் பார்க்கிறார், முகர்கிறார், விலை கேட்டுவிட்டுப் பகல் கொள்ளை என்கிறார். வாங்கமாட்டார். அவளுக்கும் அது தெரியும். "இன்னைக்கும் பாத்துட்டுப் போகத்தான் வந்தீங்களா உஸ்தாத்? இனிமே பாக்குறதுக்கும் காசு வாங்கப்போறேன்" என்கிறாள். அவர் சிரிக்கிறார். வண்டி விளிம்பில் கையூன்றி நின்றால் இடது காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், பேரமெல்லாம் அதற்குத்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வண்டியை விட்டால் பத்திரிகைக் கடை. அங்கே நின்று தலைப்புச் செய்திகளைப் படிப்பார். அதை விட்டால் பள்ளிவாசல் சுவர். அந்தச் சுவருக்கு நேரே வந்ததும் தினமும் அவர் செருப்புக்குள் ஒரு கல் புகுந்துவிடும். இப்படி நின்று நின்றுதான் ஷுப்ரா பேட்டையின் அந்தச் சந்து முழுவதையும் கடக்கிறார். ஆனால் நடக்கிற நேரத்தில், மாப்பிள்ளை அழைக்கப் போகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். நொண்டக் கூடாது. இப்போது அதுதான் அவர் பிழைப்பு.

பழைய படங்கள் போடுகிற சேனலில், கதாநாயகி அழ ஆரம்பிக்கிற இடமாகப் பார்த்துப் படத்தை நிறுத்திவிட்டு, 'பாலைவன முத்து' மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம் போடுவார்கள். அதில் தன்தா ஊர் வாத்தியார் அப்துல் ஹமீத் என்று ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டுவார். அடுத்த காட்சியில் மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறுவார். "ஆண்டவன் புண்ணியம், அப்புறம் இந்தத் தைலம். இப்ப பேரனைத் தோள்ல தூக்கிட்டு நடக்குறேன்" என்பார். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் ஒருவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அந்த டாக்டர் நிஜத்தில் கார் உதிரிபாகம் விற்கிறவர். வேலிக்கு ஓணான் சாட்சி.

வாத்தியார் நம் ரிஃபாத்தான். அவருக்குப் பேரன் கிடையாது, கல்யாணமே ஆகவில்லை. வாலிபத்திலிருந்து சினிமாவில் கூட்டத்தில் ஒருவராக நின்றவர். எத்தனையோ கல்யாண விருந்துகளில் சாப்பிட்டிருக்கிறார், எத்தனையோ சவ ஊர்வலங்களில் நடந்திருக்கிறார். ஒன்றிலும் வாய் திறந்து பேசியதில்லை. ஒரு படப்பிடிப்பில் சாரத்திலிருந்து விழுந்ததில் முழங்கால் போயிற்று, வேலையும் போயிற்று. காப்பிக்கடையில் உட்கார்ந்து கிடந்தவரைத் தைலக் கம்பெனி வஜ்தி எழுந்து நடக்கச் சொன்னான். நான்கு எட்டு வைப்பதற்குள் ஆள் கிடைத்துவிட்டது என்று கைதட்டினான். நொண்டுகிற காட்சியில் ரிஃபாத் நடிக்கவேயில்லை. படியேறுகிற காட்சிதான் நடிப்பு. அதற்கும் வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இந்த மனிதருக்குப் பொய் சொன்ன பிறகுதான் கிடைத்தது.

"விளம்பரம் ஓடுற வரைக்கும் தெருவுல நொண்டிராதீங்க பெரியப்பா" என்றான் வஜ்தி. "எவனாவது போன்ல படம் புடிச்சுப் போட்டான்னா உங்க கதையும் முடிஞ்சது, என் கதையும் முடிஞ்சது."

கால்சட்டைக்குள் இறுக்கிக் கட்டிய துணியும், பையில் வலி மாத்திரையுமாக அவர் நிமிர்ந்தார். சந்து முழுக்க அசந்துபோயிற்று. டிவி சொல்வதைச் சந்தேகப்படலாம். அவர் நொண்டியதையும் இப்போது நிமிர்ந்து நடப்பதையும் அவர்கள் கண்ணாலேயே பார்த்தாயிற்றே! பெயரும் ஊரும் பொய் என்று தெரிந்தவர்கள்கூடத் தைலம் வாங்கினார்கள்.

வீடு ஐந்தாம் மாடியில். லிஃப்ட் பழுதாகி வெகுகாலம் ஆயிற்று. படிக்கட்டு விளக்கின் பொத்தானை அமுக்கினால் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணையும். மற்றவர்கள் அணைவதற்குள் வீடு சேர்ந்துவிட ஓடுவார்கள். ரிஃபாத் அணையட்டும் என்று காத்திருப்பார். பிறகு இருட்டில் கைப்பிடியை அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி காலை இழுத்து இழுத்து ஏறுவார். கதவைத் தாழிட்ட பிறகுதான் மூலையிலிருக்கும் கைத்தடி அவர் கைக்கு வரும். அதன் நுனியில் ஒரு பழைய கம்பளிக் காலுறை மாட்டியிருக்கும்.

காலுறைக்குக் காரணம் நாலாம் மாடி இஹ்சான். விதவை, ஒரே மகன் குவைத்தில். "மேல என்னமோ டொக்கு டொக்குனு தட்டுற சத்தம் கேக்குதே உஸ்தாத்?" என்று ஒருநாள் கேட்டாள். பூண்டு இடிப்பதாகச் சொல்லிவைத்தார். "ஒத்தை ஆளுக்கு அவ்வளவு பூண்டா?" என்றாள். அன்று மாட்டியது.

வெள்ளிக்கிழமைகளில் அவர் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். கீழ்ப் பால்கனியிலிருந்து இஹ்சான் அதில் ஒரு தட்டை வைப்பாள்: திராட்சை இலையில் சோறு சுருட்டியது, சில நாள் பால்சோறு. அடுத்த வெள்ளி தட்டு கொய்யாப்பழத்தோடு இறங்கும். அவள் அண்ணாந்தும் அவர் குனிந்தும் கொஞ்சம் பேசிக்கொள்வார்கள். வாரத்தில் அவருக்கு வாய்க்கிற பேச்சு அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் டிவி. அதில் விளம்பரம் வரும்போது அப்துல் ஹமீத் சலாம் சொல்வார். அந்த வீட்டுக்குள் அவருக்குச் சலாம் சொல்ல வேறு ஆளில்லை. சில சமயம் ரிஃபாத் பதில் சலாமும் சொல்லிவிடுகிறார். தனிமை மனிதனை அந்த அளவுக்குக் கொண்டுபோய் விடும்.

இஹ்சானுக்கும் முழங்கால் வலி. இரண்டு கால்களிலும்.

ஒரு வெள்ளிக்கிழமை தட்டைக் கூடையில் வைத்துவிட்டு, கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டாள். தைலத்தை மேலிருந்து கீழே தேய்க்க வேண்டுமா, கீழிருந்து மேலேயா என்று கேட்டாள். மூன்று டப்பா தீர்ந்தும் ஒன்றும் தெரியவில்லையாம். தேய்க்கிற விதத்தில்தான் தன் தப்பு இருக்க வேண்டுமாம். ரிஃபாத் வட்டமாகத் தேய்க்கலாம் என்று முனகினார்.

"பாத்தீங்களா, அதைத்தான் நான் செய்யல" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. எத்தனை காலமாக் காத்துக் கெடந்து வந்த முறை. வேணாம்னு சொல்லிடப்போறேன். உங்களுக்குக் கத்தி படாமத்தானே சரியாச்சு?"

டாக்டரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யச் சொன்னார்.

"எந்த டாக்டர் எனக்குப் படியேறிக் காட்டினான்? நீங்க நடக்குறதைத் தெனம் பாக்குறேன். நடிகருக்குப் பேரு பொய்யா இருக்கலாம் உஸ்தாத், கால் பொய்யா இருக்குமா?"

கயிற்றை விட்டாள். கூடை மேலே வந்தது. தட்டின் சூடு விரலைச் சுட்டது. ஆனால் ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் வஜ்தி கொடுத்த வேலை போகும். அதுகூடப் பெரிதில்லை. இனி கூடையை இறக்கினால் காலியாகவே மேலே வரும். எந்தப் பால்கனியிலிருந்தும் யாரும் அவரை அண்ணாந்து பார்க்கமாட்டார்கள். சொல்லாவிட்டால், கூடையில் தட்டு வந்துகொண்டிருக்கும், அவளால் நிற்க முடிகிற வரைக்கும்.

மறுநாள் பிற்பகல், அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிற நேரம். டிவியில் அப்துல் ஹமீத் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார். ரிஃபாத் டிவியோடு அவரை அணைத்தார். கைத்தடியின் நுனியிலிருந்து காலுறையைக் கழற்றினார். வெளியே வந்து படிக்கட்டு விளக்கின் பொத்தானை அமுக்கினார்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் வலி அதிகம். தடி முதலில், பிறகு நோயுற்ற கால், பிறகு மற்றது. எதிரே ஏறி வந்த ஆறாம் மாடிக்காரர் சலாம் சொல்ல வாயெடுத்தவர், அந்தக் காலைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். ரிஃபாத் நிமிரவில்லை. பாதியில் விளக்கு அணைந்தது. சுவரைத் தடவிப் பொத்தானைத் தேடி மறுபடியும் போட்டார்.

நாலாம் மாடியில் அழைப்புமணி மேல் வைத்த விரலை எடுத்துவிட்டார். தடியைத் தூக்கி, அதன் வெற்று நுனியால் அவள் கதவைத் தட்டினார். டொக்கு, டொக்கு.