பாலத்து ஏற்றத்தில் நின்றுபோன கார்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மறதியும் வந்துவிட்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் புனேயில் விஷ்ராந்த்வாடியில் குடியிருந்தபோது நடந்தது இது. என் வீட்டுக்காரருக்கு ராணுவ ஸ்டோரில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகா கோபக்காரர். குழம்பில் உப்புக் குறைந்தால் அவர் போடும் சத்தம் கீழ் வீட்டு மராத்தி அம்மாள் காகூ வரைக்கும் கேட்கும். அந்த அம்மாள் மறுநாள் என்னைப் பார்த்து, "நேத்து உப்பா, புளியா?" என்று ஹிந்தியில் கேட்டுச் சிரிப்பாள்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குப் பதினெட்டு வயது ஆனதும் மோட்டார் ஸ்கூலில் சேர்த்தோம். அங்கே சொல்லிக் கொடுத்தவர் ஒருநாள் நடு ரோட்டில் சத்தம் போட, அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாளாம். வண்டி தானாக ஓடியிருக்கிறது. நல்ல வேளை, அவர் பிரேக்கை மிதித்துவிட்டார். அதோடு அவள் அங்கே போவதை நிறுத்திவிட்டாள்.

"நான் பழக்குதேன்" என்று இவர் கிளம்பினார். எங்களிடம் ஒரு பழைய ஃபியட் கார் இருந்தது. முதல் நாள் மைதானத்திலேயே இவர் கத்தினார். அவள் மறுபடியும் கையை விட்டாள். கார் மணல் குவியலில் போய் ஏறி நின்றது.

அன்று சமையலறையில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "அப்பா கத்துனா எனக்குக் கையெல்லாம் சுன் ஆயிடுது அம்மா" என்றாள். மரத்துப் போகிறதாம். அவளுடைய தமிழ் அப்படித்தான், பாதி ஹிந்தி. அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவருக்கும் அது கேட்டது. எனக்கோ, இப்படிக் கையை விடுகிற பிள்ளை ரோட்டில் போய் எப்படிப் பிழைக்கும் என்று கவலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறும்போது இவர் ஒரு முழுக் கொட்டைப்பாக்கை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். கத்த வேண்டும்போல் வந்தால் அதைக் கடிப்பார். பின் சீட்டில் இருந்த எனக்குக் கடக் கடக் என்று கேட்கும். பேசவேண்டியதைக் கையாலேயே காட்டுவார். வாரா வாரம் அப்படியே போயிற்று. அவளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள்.

ஒரு ஞாயிறு கேம்ப் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கக் கிளம்பினோம். அவள்தான் ஓட்டினாள். ஸ்டேஷன் பக்கத்தில் தண்டவாளத்துக்கு மேலே போகும் பாலத்தில் பாதி ஏற்றத்தில் வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன. முன்னால் வழி கிடைத்தபோது, எங்கள் கார் ஒரு உதறு உதறி நின்றுபோனது. மறுபடி கிளப்பினாள். மறுபடி நின்றது. ஒரு முழம் பின்னுக்கும் உருண்டது. பின்னால் ஒட்டினாற்போல் ஒரு சிக்ஸ் சீட்டர், ஆள் நிறைந்த பெரிய ஆட்டோ. அதன் பின்னால் பஸ். எல்லாரும் ஹாரனை அமுக்கினார்கள். சிக்ஸ் சீட்டர்காரன் தலையை வெளியே நீட்டி, "ஓ காகா, காடி விகா, பைல் க்யா!" என்று கத்தினான். காரை விற்றுவிட்டு மாடு வாங்கு என்கிறான். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

என் மகளின் கை காதுக்குப் போய்விட்டது.

இவர் சட்டென்று ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஜன்னல் வழியாகப் பாக்கைத் துப்பினார். இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"ஏட்டி, நீ வண்டியப் பாரு. பின்னாடி இருக்கவங்கள நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் காருக்கும் அந்த ஆட்டோவுக்கும் நடுவில் நின்று, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கோயிலில்கூட ஒரு கையால் நெற்றியைத் தொடுவதோடு சரி, மேலதிகாரி முன்னால் தலை குனியாதவர். "பேட்டி சீக் ரஹி ஹை பாயி, தோ மினிட்" என்று, பிள்ளை பழகுகிறாள், இரண்டு நிமிஷம் கொடுங்கள் என்று, ஆட்டோக்காரனை, பஸ்காரனை, ஸ்கூட்டர்காரர்களை, ஒவ்வொருவரையும் கும்பிட்டார்.

அவளும் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். "அப்பா பின்னாடி நிக்கறாங்கம்மா. வண்டி உருண்டா?" என்றாள்.

"நிக்கட்டும். நீ முன்னாடி பாரு" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

ஹாரன் ஒவ்வொன்றாக அடங்கியது. மாடு வாங்கச் சொன்னவனே இறங்கி, பின்னால் வருகிறவர்களைக் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தான். என் மகள் மூச்சை இழுத்து விட்டாள். சாவியைத் திருப்பினாள். கையும் காலும் ஒன்றுக்கொன்று சொல்லி வைத்ததுபோல் வேலை செய்தன. கார் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறிவிட்டது. பாலம் இறங்கி, சமதரையில், சிக்னல் போட்டு இடது ஓரமாக நிறுத்தினாள்.

இவர் பாலம் முழுக்க நடந்து மூச்சு வாங்க வந்து ஏறினார். "சிக்னல் போட்டு நிறுத்துனியே, அது நல்லாருக்கு. சரி, கேம்ப்புக்கு விடு" என்றார். அவ்வளவுதான். மத்தியானம் வீட்டில் வழக்கம்போல் ரசத்துக்குக் கத்தினார்.

மகள் இப்போது புனேயிலேயே விமான் நகரில் இருக்கிறாள், தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போகிறாள். முன்னால் யாராவது கார் பழகுகிறவர்கள் நின்றுவிட்டால் ஹாரன் அடிக்கமாட்டாள். ஜன்னலில் கையை நீட்டிப் பின்னால் வருகிறவர்களை நிறுத்துவாள்.

கோபமே இல்லாத மனிதர்களை நல்லவர்கள் என்பார்கள். வாய்வரைக்கும் வந்த கோபத்தைப் பிள்ளைக்காகக் கடித்து வைத்துக்கொண்டிருந்தவரோடு வாழ்கிறேன் என்பதுதான் எனக்குப் பெருமை. பாலம் இருந்த இடம், வருஷம் இதெல்லாம் சரிதானா என்று அச்சில் போடுவதற்கு முன்னால் யாராவது என் மகளிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். அவரிடம் கேட்க வேண்டாம். நான் யாரையும் கும்பிடவில்லை என்றுதான் சொல்வார்.