முன் சீட்டில் ஏறிய ஆஸ்திரேலியர்

வளைகுடாவில், ராஸ் லஃபானில் நான் வண்டி ஓட்டிய காலம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, திரும்பிய பக்கமெல்லாம் கேஸ் பிளாண்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் இரண்டு வருஷம் வெயிலில் சாரக் குழாய் சுமந்தவன் நான். நாலு தடவை ஃபெயிலாகி, ஐந்தாவது தடவை லைசென்ஸ் வாங்கித்தான் ஏசி வண்டிக்குள் ஏறினேன். அந்த ஸ்டீயரிங் கையை விட்டுப் போனால் மறுபடி குழாய்தான்.

ஒரு நாள் காலை, ஆஸ்திரேலியாவிலிருந்து புதிதாக வந்த இன்ஜினியரை சைட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்துவிடுவது எங்கள் முறை. நான் இறங்குவதற்குள் அந்த நெட்டை மனிதர் விறுவிறுவென்று வந்து, நான் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்தார். தானே ஓட்டப் போகிறார், நம் வேலை போச்சு என்றே நினைத்தேன். சாவியை உருவி அவர் கையில் வைத்து, "சாரி சார்" என்று இறங்கி நின்றேன். எந்தத் தப்புக்கு சாரி சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

அவர் சாவியைப் பார்த்தார், ஸ்டீயரிங்கைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். வளைகுடா வண்டியில் ஸ்டீயரிங் இடது பக்கம்; அவர்கள் நாட்டிலோ நம் நாட்டைப் போலவே வலது பக்கமாம். டிரைவருக்குப் பக்கத்து சீட் என்று நினைத்து இடது கதவைத் திறந்திருக்கிறார்.

இனியாவது பின்னால் போவார் என்று பார்த்தால், சுற்றி வந்து முன் சீட்டிலேயே ஏறினார். அங்கே கிடந்த என் வேர்வைத் துண்டையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டப்பாவில் என்ன என்று வேறு கேட்டார். புளிச்சோற்றுக்கு இங்கிலீஷ் தெரியாமல் "ரைஸ் சார்" என்றேன். சார் எல்லாம் வேண்டாம் என்றார். அவர்கள் ஊரில் தனியாகப் போகிறவர் டிரைவர் பக்கத்தில்தான் உட்காருவாராம்; பின்னால் போய் உட்கார்ந்தால் தலைக்கனம் பிடித்தவன் என்பார்களாம். இப்படியும் ஒரு ஊரா என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

சைட் கேட்டில் எங்கள் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் நின்றிருந்தார், திருநெல்வேலிக்காரர். இன்ஜினியர் இறங்கிப் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னல, தொர பக்கத்துல மாப்ள மாதிரி உக்காந்து வாற?"

"அவராத்தான் ஏறுனாரு அண்ணாச்சி."

"அவரு ஏறுனா ஒனக்கு எங்கல போச்சு புத்தி? நாளைக்கும் இப்படி வந்தேன்னு வையி, வண்டி கெடையாது. சாரம் தூக்கப் போயிரு. கலாஸ், அம்புட்டுத்தான்."

மறுநாள் காலை, தண்ணீர் பாட்டில் பெட்டிகளை முன் சீட்டில் அடுக்கிவைத்தேன். சரியான பக்கத்துக் கதவைத் திறந்த ஆஸ்திரேலியரின் முகம் விழுந்துவிட்டது. நேற்று ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று என்னைக் கேட்டார். என்னைப் போய்! பொய் சொல்ல வாய் வரவில்லை.

"யூ சிட் ஃப்ரன்ட், மை ஜாப் ஃபினிஷ் சார்."

அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. யார் சொன்னது, இப்போதே கேட்கிறேன் என்று போனை எடுத்தார். நான் இரண்டு கையையும் கூப்பிவிட்டேன். அவர் கேட்டுவிட்டுப் போய்விடுவார். பிறகு அண்ணாச்சியோடு காலம் தள்ள வேண்டியவன் நான். கூப்பிய கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, தானே கதவைத் திறந்து பின்னால் ஏறினார்.

கேட்டில் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். என் வேலை தப்பியது. மூச்சு விட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெரிய மனிதர் தோளைக் குறுக்கி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால் எத்தனையோ பேர் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அதற்காக வெட்கப்பட்ட ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.