மொட்டைமாடிக்குப் போகாத பெட்ஷீட்

எங்கள் ஊர் வெயிலில் காலையில் பிழிந்த வடாம் மாலைக்குள் சலசலக்கும். சுற்றியுள்ள பாறையெல்லாம் சூடேறி, பொழுது சாய்ந்த பிறகும் அனல் அடிக்கும். அப்படிப்பட்ட திருத்தணியில் துணி காயவைக்க மெஷின் வாங்கியவள் நான். தெருவே சிரித்தது. "கொடியில போட்டு எடுக்கக்கூட சோம்பலா?" என்று பக்கத்து வீட்டம்மா நேராகவே கேட்டாள். ஆமாம், சோம்பல்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வருகிற கோபத்துக்கு, அதோடு விட்டுவிட்டு வந்ததே பெரிய விஷயம்.

உண்மையான காரணம் என் மாமனார். கே.ஜி.கண்டிகையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தவர், ஓர் ஆபரேஷனுக்குப் பிறகு எங்களோடு வந்து தங்கினார். அதிலிருந்து அவருக்குத் தூக்கத்தில் சிறுநீர் பிரிந்துவிடும். விடிவதற்கு முன்னே எழுந்து, பெட்ஷீட்டைத் தானே அலசி மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிடுவார். நாங்களும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். அதே பக்கத்து வீட்டம்மாதான் ஒருநாள், "இன்னா பெரியவரே, தினத்துக்கும் பெட்ஷீட்டே தோய்க்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கே வேட்டிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் கண்டிகைக்கே போயிடறேம்மா. அதான் மரியாதை" என்றார். அங்கே அவருக்கு ஒரு வாய் காபி போட்டுக் கொடுக்க ஆள் இல்லை.

அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கும் என் கணவரிடம் அன்று மாலையே சொன்னேன். அந்த வாரக் கடைசியில் ட்ரையர் வந்து இறங்கியது. "எனக்குத்தான் மாமா. மாடிப்படி ஏறினா முட்டி வலிக்குது" என்று கூசாமல் புளுகினேன். "வெயிலு சும்மா கெடக்குது, கரண்ட்ல காயவெக்கிறாங்களாம்" என்று முனகினார். ஆனாலும் பை மறுபடி பரணுக்குப் போய்விட்டது. எனக்கு அது போதும்.

அந்த மெஷினோடு எனக்கு ஒரு சிநேகமே வந்துவிட்டது. ஒவ்வொரு முறை ஓடி நின்றதும் உள்ளேயிருக்கும் சின்ன வலையை உருவி, அதில் படிந்திருக்கும் பஞ்சை எடுக்க வேண்டும். கல்லிலிருந்து தோசை எடுப்பதுபோல ஒரே உரிப்பில் வரும். எடுத்த பிறகு வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். மனசுக்கு நிறைவாக இருக்கும்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தாள். என் கணவருக்கு அக்கா. வீடு கொள்ளாமல் பாதிப் பேர் மாடியில் படுத்திருந்தார்கள். தெருவெல்லாம் மஞ்சள் துணியும் காவடியுமாக இருந்தது. அன்று காலை பார்த்துத்தான் மெஷின் மக்கர் செய்தது. ஓடுகிறது, ஆனால் மாமனாரின் பெட்ஷீட் இரண்டாவது தடவையும் சொதசொதவென்று வந்தது. ஆத்திரத்தில் மெஷினை ஓங்கி ஓர் அறை விட்டேன். கைதான் வலித்தது. மெக்கானிக்குக்கு போன் செய்தால், "திருவிழா கூட்டத்துல வண்டி வராதுக்கா. வலையைக் கழுவி, பின்னாடி குழாயைக் குத்தி எடுத்துப் பாருங்க" என்றார்.

திரும்பினால் மாமனார் கதவோரம் நிற்கிறார். "மாடிக்கு எடுத்துகினு போகப் போறியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கண் பரணில் இருந்த பையின்மேல் இருந்தது.

"மாடியும் வேணாம் ஒன்னும் வேணாம். வந்து குழாயைப் புடிங்க" என்றேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தோம். மெஷினின் அனல்காற்று ஜன்னலுக்குப் போகும் குழாயை அவர் தூக்கிப் பிடிக்க, ஒட்டடைக் கம்பால் குத்தி நான் பஞ்சை எடுத்தேன். பொதி பொதியாக வந்தது. வலையைச் சமையல்கட்டுக் குழாயடியில் பிடித்தால் தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது. பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்த்ததில் சாம்பல் நிறமாக ஏதோ கரைந்தது. வலை இருந்த இடத்தில் விரலை விட்டுத் துழாவினேன். அங்கும் அதே சாம்பல் படிந்த பஞ்சு, நடுவே மடித்த காகிதத் துண்டு. எனக்குப் புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் முருகன் மலைக்குப் போய்வரும் மாமனார், கோயில் திருநீற்றைப் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சட்டை அப்படியே துவைக்க வந்துவிடும்.

"மாமா! உங்க முருகன்தான் மெஷினை அடைச்சிகினு ஒக்காந்திருக்காரு!"

அவர் அசரவில்லை. "சாமி துன்னூறும்மா. கால்படற எடத்துல போட்டுறாத" என்று அதையும் பஞ்சையும் இரண்டு கையிலும் வாரிக்கொண்டு போய் நந்தியாவட்டைச் செடியின் அடியில் போட்டுவிட்டு வந்தார். ஈர வலையைப் போட்டு மெஷினை ஓட்டக்கூடாது. அதனால் பெட்ஷீட் போகக்கூடாத மாடிக்கு வலை மட்டும் போய் வெயில் காய்ந்து வந்தது. மாட்டி ஓடவிட்டு, இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

நாத்தனார் அப்போதுதான் வந்தாள். தலையெல்லாம் பஞ்சாக இருந்த தகப்பனைப் பார்த்தாள். "இன்னா நைனா, இந்த வயசுல உன்னையா இந்த வேலை வாங்குறா? சோம்பேறிக்கு ஒரு மெஷினு, அதைத் தொடைக்க எங்க நைனாவா?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவர் மானம் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டடைக் கம்பைத் துடைத்தேன்.

"அவளை ஒன்னும் சொல்லாத" என்றார் மாமனார். மகளை நிமிர்ந்து பார்த்தார். "ராவுல எனக்குப் படுக்கையிலயே போயிடுது. மாடியில காயப்போட வெக்கப்பட்டுகினு நான் ஊருக்குப் போறேன்னு கெளம்பினேன். அதுக்காக வாங்கினா. எங்கிட்ட முட்டி வலின்னு பொய் வேற. வடாம் போட மாடி ஏறும்போது மட்டும் வலிக்காத முட்டி!"

எல்லாம் தெரிந்தே இத்தனை நாள் முனகியிருக்கிறார் மனிதர். மெஷின் ஓடி நின்றதும் நாத்தனாரே கதவைத் திறந்து பெட்ஷீட்டை எடுத்தாள். நன்றாகக் காய்ந்து சூடாக இருந்தது. ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இருவரும் உதறி மடித்தோம்.

மாமனார் குனிந்து வலையை உருவி, பஞ்சை உரித்தார். வலையை என்னைப்போலவே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அந்தப் பையைப் பரண்லேர்ந்து எடும்மா" என்றார். மறுபடி கண்டிகைக்கா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஒம் புருஷனுக்குக் கொடு. சாப்பாடு எடுத்துகினு போகட்டும். எனக்கு இனிமே எதுக்கு?"